கடியப்பட்டணம் கரையில் ஏழாவது பெயர்

என் மகன் ஜெபின் கடலுக்குள் போய்விட்டான் என்றுதான் அன்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் அந்த நினைப்போடு கடியப்பட்டணம் கரையில் நின்றேன். விசுவாசிகளே, அந்த முக்கால் மணி நேரத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான்.

ஜெபினுக்கு வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சு வராது. ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரியும். எங்கள் வீடு சுசீந்திரம் பக்கம். நாகர்கோவிலில் ஒரு சபை மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இவனைப்போல வளர்ந்தவர்களுக்காக ஒரு கூடுகை நடக்கிறது. பாட்டு, கேரம், பந்து, டீ, வடை. எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. நடத்துவது ஓய்வுபெற்ற கிளாடிஸ் டீச்சர். அவர் இரண்டு வருடம் கூப்பிட்டார், நான் இரண்டு வருடம் சாக்குச் சொன்னேன். கடைசியில் போன வருடம்தான் அனுப்பினேன். அனுப்பினேன் என்பதும் பொய்தான். கூடவே போய் வாசலில் காவல் இருந்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை எல்லாரையும் வேனில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். வெளியே போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு துணை ஆள் உண்டு. ஜெபினுக்குத் துணை எங்கள் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா.

"நீ போடி, இவன நான் பாத்துக்கிடுதேன். பெத்தவளுக்குத் தெரியாததா?" என்று அவளை அனுப்பிவிட்டேன்.

பெற்றவள் பார்த்த இலட்சணத்தைக் கேளுங்கள். டீ வாங்கப் போன இடத்தில் இன்னொரு தாயாரிடம் என் மகள் ஷைனியின் வீட்டுக்காரருக்குத் துபாயில் பதவி உயர்வு கிடைத்த கதையை அளந்துகொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஜெபின் இல்லை. அவன் செருப்பு மட்டும் அலை நனைக்கிற இடத்தில் கிடந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் அங்குமிங்கும் ஓடினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "ஜெபின்! ஏலே ஜெபின்!" என்று கரை முழுக்கச் சத்தம். பதில் இல்லை. வயதான மீனவர் ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேரிடம் தணிந்த குரலில், "வள்ளத்த எறக்குங்கலே" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். கேட்டது. வள்ளம் எதைத் தேடிப் போகிறது என்று எனக்குத் தெரியாதா?

நானும் கூப்பிட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

ஒருவர் என்னிடம் வந்து, "பயலுக்குக் காது கேக்குமாம்மா? இத்தன பேரு விளிச்சும் ஒரு அனக்கமில்லியே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஷைனிக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில், ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஜெபினைப் பின் அறையில் இருத்திக் கதவைச் சாத்துவேன். தம்பி இப்படி என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று பயம். "வேற ஆளு யாரு விளிச்சாலும் அனங்கப்பிடாது மக்களே" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அசையாமல் சத்தமில்லாமல் இருந்தால் முறுக்கு கொடுப்பேன். ஷைனிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அதற்குப் பிறகும் யார் வந்தாலும் அதையேதான் செய்தேன். இப்போது ஊரே கூப்பிடுகிறது. உயிரோடு இருந்தாலும் அவன் வாய் திறக்கமாட்டான்.

மணலில் முழங்காலிட்டேன். வீட்டில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவள் நான். அன்று வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் அவனை ஒளித்துவைத்தேன். நீர் அவனை எனக்கு ஒளித்துவைக்காதேயும்."

கண்ணைத் திறந்தபோது கீதா நின்றாள். அவளும் கூடுகைக்கு வருகிறவள்தான், நாற்பது வயது, டவுன் சின்ட்ரோம் உள்ளவள். சனிக்கிழமை வருகைப்பதிவு எடுப்பது அவள் பொறுப்பு. வேறு யாரையும் அந்த நோட்டைத் தொடவிடமாட்டாள். பெயர் வாசித்ததும் பேச்சு வராதவர்கள் கை தட்டலாம். ஜெபின் மூன்று தட்டு தட்டுவான்.

"சித்தி, எல்லாவரையும் சும்மா இருக்கச் சொல்லுங்க. நான் பேரு வாசிக்கணும்."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்தினார். கரை அடங்கியது.

"அவன் பேர மட்டும் விளி மக்களே" என்று கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் முறைத்தாள்.

"அவன் ஏழாவது. மொறைக்குத்தான் வாசிக்கணும்."

வாசித்தாள். முதல் ஆள் "உண்டு" என்றார். இரண்டாவது ஆள் விசிலடித்தார். நாலாவது பெயர் மேரிக்கு. மேரி பதில் சொல்ல நேரம் பிடிக்கும். கீதா நிதானமாகக் காத்து நின்றாள். அதற்குள் வள்ளம் அலையைத் தாண்டிவிட்டது. எனக்குக் கீதாவை அறையலாம் போல இருந்தது, உள்ளதைத்தான் சொல்கிறேன். ஆறு பெயர் முடிவதற்குள் ஆறு தரம் செத்தேன்.

"ஜெபின்."

அலைச் சத்தம் மட்டும்தான்.

கீதா அடுத்த பெயருக்குப் போகவில்லை. "ஜெபின்!" என்றாள், கொஞ்சம் கோபமாக.

மூன்று தட்டு.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் அடியிலிருந்து கேட்டது. நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அந்நிய ஆட்களைக் கண்டு பக்கத்து இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னமெல்லாம் மணலும் கண்ணீரும். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினான். அனங்காமல் இருந்தான் அல்லவா, அதற்கு முறுக்கு.

அவனைக் கட்டிக்கொண்டு கதறினேன். கீதா எட்டாவது பெயரை வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் பின் அறைக் கதவு சாத்துவதில்லை. சம்பந்தி வீட்டார் வந்தால் ஜெபின்தான் காபி கொண்டுபோய்க் கொடுக்கிறான். பாதி தட்டில் சிந்தும். அவர்களும் சிரித்துக்கொண்டே குடிக்கிறார்கள். இத்தனை வருடம் நான் பயந்த ஆட்கள் இவர்கள்தான்.

போன மாதம் மறுபடியும் கடற்கரைக்குப் போனார்கள். நான் போகவில்லை. வேன் வாசலில் ஸ்டெல்லாவிடம் அவன் கையைக் கொடுத்தேன். சாயங்காலம் வரை நூறு தரம் ஜெபித்தேன். பயம் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை உள்ளே இருக்கலாம். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயந்துகொண்டே வாருங்கள். என் ஆண்டவர் என்னை அப்படித்தான் ஏற்றுக்கொண்டார்.