என் படத்துக்கு அவர்கள் வைத்த பெயர்

பதினொரு வயதில் நான் கீறிய ஒரு படத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் வைத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நாங்கள் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கொண்டெய்னர் இறக்கும் வேலை. ஓவிய ஆசிரியை ஒருநாள் எங்கள் வகுப்பை மெட்ரோவில் ஏற்றி மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இந்த நகரத்து இளம் ஓவியர்கள் சிலர், தேவாலயத்தோடும் பெரியவர்களோடும் முறைத்துக்கொண்டு கீறிய படங்கள் அங்கே தொங்கின. மரமில்லை, முகமில்லை, வெறும் வண்ணத் தீற்றல்கள். மூளை யோசிக்கும் முன்பே கையை ஓடவிட்டவர்கள், தேவாலயத்தை எதிர்த்ததற்காக வேலையை இழந்தவர்களும் உண்டு என்றார் ஆசிரியை. எனக்கு அவர்களை உடனே பிடித்துவிட்டது. ஞாயிறு தோறும் பூசையில் முழங்காலில் நின்று களைத்த பிள்ளைக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் நாங்களும் அப்படியே கீற வேண்டும். எதையும் யோசிக்கக் கூடாது, பெயரும் வைக்கக் கூடாது. என் மேசையில் இருந்த மூன்று பேரும் நீலத்தையும் மஞ்சளையும் பச்சையையும் அமுக்கிக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சிவப்பும் கறுப்பும். கையால் அள்ளி அப்பினேன், முழங்கை வரை பூசிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கீறியதில்லை.

ஆசிரியை வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, "உன் நாட்டை நினைத்தாயா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, நீலம் கிடைக்கவில்லை என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வேண்டாம், எனக்குப் புரிகிறது என்று தோளைத் தடவினார். நான் பிறந்தது இதே மொன்றியலில். இலங்கையை அம்மாவின் அல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரை அழைத்துக் கண்காட்சி வைத்தார்கள். அம்மாவுக்கு வேலை, அப்பாதான் வந்தார். எல்லாப் படங்களின் கீழும் 'பெயரில்லை' என்று ஒரு அட்டை. என்னுடையதில் மட்டும் 'யுத்தம்'. அதற்குக் கீழே என் பெயரும், பக்கத்தில் 'இலங்கை' என்றும் எழுதியிருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நான் அட்டையைப் பிய்த்து நாலாகக் கிழித்தேன்.

அதுவும் எனக்கு எதிராகவே போனது. ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளை எவ்வளவு வேதனையை உள்ளே வைத்திருக்கிறாள் பாருங்கள், ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டலாம் என்று அப்பாவிடம் சொன்னார். நான் சொன்னதும் சாட்சி, சொல்லாததும் சாட்சி, கிழித்ததும் சாட்சி.

அப்பா துறைமுகத்தில் பழகிய பிரெஞ்சில் சொன்னார்: "யுத்தம் என்னுடையது, மடாம். இவளிடம் அது இல்லை."

ஆசிரியை தலையாட்டினார். அப்படியென்றால் ஒருநாள் வகுப்புக்கு வந்து நீங்கள் அதைப் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்டார். அப்பா 'மெர்சி', நன்றி, என்று மட்டும் சொல்லிவிட்டு என் கோட்டை எடுத்துத் தந்தார்.

இப்போது எனக்கு அப்பா மீதும் ஆத்திரம். பஸ் தரிப்பில் வைத்துக் கேட்டேன்.

"ஏனப்பா அவவுக்கு ஏசேல்லை?"

அவர் என் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டார். "அதைக் கீறேக்க என்ன யோசிச்சனீ?" என்றார்.

"ஒண்டும் யோசிக்கேல்லை."

"சிவப்பைப் பாத்தும் ஒண்டும் நினைவு வரேல்லையோ?"

"இல்லையப்பா."

"கறுப்பு?"

"அதுவும் ஒரு கலர்தானே."

அவர் மறுபக்கம் திரும்பிக் கையுறையால் முகத்தைத் துடைத்தார். இவரும் என்னை நம்பவில்லை என்று நினைத்து இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. தன் மகளுக்கு அவை வெறும் நிறங்கள்தான் என்பதை என் வாயால் திரும்பத் திரும்பக் கேட்க அவர் ஆசைப்பட்டார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.