குத்து விழாத மூன்று பதக்கங்கள்

என் கணவருக்கு ஞாயிறு விடிந்தால் குத்துச்சண்டைதான். அவர் போடுவதில்லை, மற்றவர்களை மோதவிடுவார். ஐம்பது வருடத்துக்கு முந்திய உலக சாம்பியன் ஒருவரையும் இன்றைய சாம்பியன் ஒருவரையும் ஒரே வளையத்துக்குள் விட்டால் யார் ஜெயிப்பார்? இதுதான் அவர் கவலை. எல்லோரும் ஹெவிவெயிட் என்கிற அதிபாரப் பிரிவுக்காரர்கள். தொண்ணூறு கிலோவுக்குக் குறைந்தவர்கள் சண்டை பிடிப்பதில்லை, துள்ளி விளையாடுகிறார்கள் என்பார். பழைய சாம்பியன்களில் பலர் தொண்ணூறைத் தொடாதவர்கள் என்று நான் ஒருமுறை தேடிப் பார்த்துச் சொன்னேன். அந்தக் காலத்துக் கிலோ வேறு என்றார்.

நாங்கள் இருப்பது பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் பக்கம் வேலை. நான் ஹாலிஎலயில் படிப்பிக்கிறேன். வாரம் முழுக்கப் பஸ் மாறி மாறிப் போய்வந்து, ஞாயிறு ஒருநாள் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று உட்கார்ந்தால், நடுவர் வேலைக்குக் கூப்பிடுவார். "டீச்சர், நீ சொல்லு. பதினஞ்சு ரவுண்டா வச்சா பழைய ஆளு. பன்னெண்டுன்னா?" நான் புதியவர் என்றால் அவர் பழையவர் பக்கம் நின்று வாதாடுவார். சரி, பழையவரே ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தால் உடனே புதியவரின் உயரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். ஒரு சண்டையாவது முடிந்ததில்லை. கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் ஒன்றுகூட.

அவர் கதை தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எரிச்சல்படுவது இன்னும் கஷ்டம்.

பத்தொன்பது வயதில் அவர் பதுளைக் கடைத்தெருவில் கோதுமை மா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த விளையாட்டு மாஸ்டர் ஒருவர் அவரை அழைத்துப்போய்க் கையுறை மாட்டிவிட்டார். மாகாணப் போட்டிக்குப் பெயரும் கொடுத்தார். அதிபாரப் பிரிவில் ஊவா மாகாணம் முழுக்க வேறு ஆளே இல்லை. நடுவர் வந்து, எதிரே யாரும் இல்லாத வளையத்தில் இவர் கையை உயர்த்திப் பதக்கம் கொடுத்தார். அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாவது வருடம் மொனராகலையிலிருந்து ஒருவர் பெயர் கொடுத்திருந்தார். இவர் ஆறு மாதம் பயிற்சி எடுத்தார். தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் லொறி பிடித்துப் பார்க்கப் போனார்கள். மூன்று முறை பெயர் கூப்பிட்டும் அந்த ஆள் வரவில்லை. பஸ் வழியில் உடைந்து நின்றுவிட்டதாம். மறுபடியும் கையை உயர்த்தினார்கள். பிறகு கொழும்புக்கு ஆள் தெரிவு செய்தபோது, ஒரு சண்டைகூடப் போடாதவனை எப்படி அனுப்புவது என்று கேட்டு விட்டுவிட்டார்கள். அவர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்.

மூன்று பதக்கம், ஒரு குத்து இல்லை.

போன வருடம் ஃபேஸ்புக்கில் இப்படிப்பட்ட கற்பனைச் சண்டைகளுக்கென்றே ஒரு குழு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதோடு ஞாயிறு மட்டும் இல்லை, எல்லா நாளும் போயிற்று. அதில் ஒருவர் இவரோடு விடாமல் மல்லுக்கு நிற்பார். இவர் பழையவர் என்றால் அவர் புதியவர் என்பார். ஒருநாள் அந்த ஆள் தன்னைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். மொனராகலையில் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார், இளவயதில் பதுளையில் நடந்த மாகாணப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் என்று இருந்தது. தனியாக எழுதிக் கேட்டேன். எந்த வருடம், எந்தப் பிரிவு? அன்று வளையத்துக்கு வராத ஆள் அவர்தான்.

இவருக்குச் சொன்னபோது போனை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார். அப்படி அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள். இரண்டு பேரும் நேரில் பார்த்து அந்தப் பழைய நாளைப் பேசித் தீர்த்துக்கொண்டால் இந்த வியாதி குறையும் என்று நினைத்தேன். நான்தான் நாள் பார்த்தேன், நான்தான் இடம் சொன்னேன். பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை, ஞாயிறு பதினொரு மணி.

வந்தவர் இவரைவிட ஒரு விரல் உயரம். ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்திருந்தார். இவரை அண்ணே என்றார், என்னை டீச்சர் என்றார். கையைக் குலுக்கியவர்கள் விடவே இல்லை, ஒருவர் கைமுட்டியை ஒருவர் பார்த்தார்கள். வடைக்கும் டீக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்கள். எதை? உலக சாம்பியன்களை. இரண்டு தண்ணீர்க் கிளாஸை மேசையில் நகர்த்தி, பழையவர் இடது கை இப்படி வரும், புதியவர் இப்படி விலகுவார் என்று ஒன்றரை மணிநேரம். தங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீ ஆறி, ஆடை படிந்து கிடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அன்னைக்கு பஸ் எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டேன்.

வந்தவர் கிளாஸிலிருந்து கையை எடுத்தார்.

"பஸ் நிக்கல டீச்சர். நான் நேரத்துக்கே வந்துட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். காலை எட்டு மணிக்கே மண்டபத்துக்கு வந்திருக்கிறார். பின்பக்கம் இவர் சட்டையில்லாமல் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு குத்துக்கும் சங்கிலி மேலேவரை குலுங்கியிருக்கிறது. அவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். ஒரு பனிஸ் தின்று, பிளேன்டீயும் குடித்துவிட்டு அடுத்த மொனராகலை பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் உடைந்ததென்று அவர் தன் மாஸ்டரிடம் சொன்னது பொய். இத்தனை காலமாக மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம்.

என் கணவர் வடைத் தட்டைத் தள்ளி வைத்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடித்துவிடுவாரோ என்று நான் கதிரையை அவர் பக்கம் இழுத்தேன்.

"நானும் பயந்துகிட்டுதான்யா இருந்தேன்," என்றார். "பின்னால போயி வாந்தி எடுத்துட்டு வந்துதான் அந்த மூட்டையக் குத்துனேன். பயம் போகணும்னு குத்துனேன். நீங்க ஒரே ஒரு ரவுண்டு நின்னுருக்கலாம்."

அவர் தலைகுனிந்தார். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். பாதி வடை தட்டில் இருக்க, நான் யாரோடு உட்காருவது யார் பின்னால் போவது என்று தெரியாமல் அந்தப் பெரிய மனிதரின் முன்னால் முழித்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அதை அப்போதே நினைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஃபேஸ்புக் குழுவிலிருந்து விலகிவிட்டார். அடுத்த ஞாயிறு நடுவர் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. இதைத்தானே இத்தனை வருடமாகக் கேட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு துணி துவைத்தேன். துணியை அடித்த அடியில் இரண்டு பொத்தான் தெறித்தது.

மூன்று வாரம் கழித்து அந்த ஆள் ஆட்டோவில் வந்து ரோட்டில் இறங்கி, எங்கள் லயத்து வாசலுக்கே ஏறி வந்தார். மேடேறியதில் மூச்சு வாங்கியது. பிரஷர் இருக்கிறதாம், மாத்திரை போடுகிறாராம். நின்றபடியே இவரிடம் சொன்னார்: "அண்ணே, இப்ப வேணும்னாலும் கிளவுஸ் போட்டுக்கிறேன். நீங்க குத்துங்க. நான் நிக்கிறேன்."

இவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியால் இவருக்கு எழும்பவே நேரமெடுக்கும். எழும்பவில்லை.

"இப்ப என்னத்தக் குத்துறது? எனக்கு அன்னைக்கு வரவேண்டிய ஆளோடதான் சண்டை. அவருக்கு இருபத்தொரு வயசு. நீங்க இல்ல அவரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எந்தக் காலத்து ஆளையும் எந்தக் காலத்து ஆளோடும் மோதவிட்டவர், நேரில் வந்து நிற்கும் மனிதரை உட்காரச் சொல்லக்கூட முடியாதா? நான் கதிரை போட்டேன், டீ கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டு, வாறேன் டீச்சர் என்று இறங்கிப் போனார். அவர் போனபின் இவரைத் திட்டினேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்கும்படிதான் திட்டினேன். இவர் எதிர்த்துப் பேசவில்லை. ஏதாவது பேசியிருந்தால் எனக்காவது ஆறியிருக்கும்.

இப்போது இவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். ஆள் குறைவாம், வரச் சொல்கிறார்களாம். உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. மொனராகலைக்காரர் மட்டும் எனக்கு அவ்வப்போது எழுதுவார். மழை எப்படி, அண்ணனுக்கு முழங்கால் எப்படி என்று. போன வாரம் கேட்டிருந்தார், அண்ணனுக்கு இன்னும் கோபமா என்று.

ஆமாங்க என்று எழுதினேன். எனக்கும்தான் என்று சேர்த்து அனுப்பினேன்.