‘தெரியாது’ என்று சொன்ன சிவசோதி டீச்சர்

சென்ற கிழமை, சுவாமி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தேன். பழக்கமில்லாத ஒரு பெண் குரல், சிவசோதி டீச்சர் யாழ்ப்பாணத்தில் தவறிப்போனார் என்றது. சிறுநீரக வருத்தம் என்றது. நான் அழவில்லை. “நீங்க யாரு பேசுறீங்க?” என்று கேட்டேன்.

“ரீச்சரின்ர தங்கச்சி.”

“உங்க அக்கா என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க?”

சாவு சொல்ல எடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம்.  “கணக்கக்கா” என்று சொல்லி அவள் அழுதாள். அதற்குப் பின்தான் நான் தரையில் உட்கார்ந்தேன். கேட்காமல் எந்தக் குரலையும் உள்ளே விடாதே என்பது டீச்சரே எனக்குப் பழக்கிய பழக்கம்.

மலையகத்து ஹட்டனில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் மனித உரிமை நிலையத்துக்கு வந்துபோன தாய்மாருக்கு அவரை நினைவிருக்கும். கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகளை, யுத்தத்தின் பேரில் பொலிசும் ஆமியும் கேட்பாரில்லாமல் பிடித்துக்கொண்டு போன வருடங்கள் அவை. தாய்மார் வந்து சொல்வதை நான் தட்டச்சு செய்வேன். கோயில் கணக்கு எழுதி எழுதித் திருந்திய கை என்று என்னை அந்த வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொம்பியூட்டரை நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். ஆனால் சொன்னது எதுவும் எங்கள் அறையில் தங்கக் கூடாது. கடல் தாண்டி இருக்கிற வேறொரு கொம்பியூட்டருக்கு, நடுவில் எவரும் வாசிக்க முடியாதபடி போய்ச் சேர வேண்டும். அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்தான் சிவசோதி டீச்சர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்.

முதல் தடவை தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்தபோது, திரையில் எண்ணும் எழுத்துமாக ஒரு நீண்ட வரிசை வந்து, நம்பலாமா என்று கேட்டது. “இதென்னங்க டீச்சர், சந்தேகப்படுது?” என்றேன்.

“உங்கட தோட்டத்தில சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவை எல்லோ? அந்தக் கொம்பியூட்டரின்ர கைநாட்டு இது. நான் ரெலிபோனில கேட்டு ஒத்துப் பாத்திட்டன். இண்டைக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லுங்கோ. இனி இது கேக்காது. எப்பவாவது திருப்பிக் கேட்டால், கைநாட்டு மாறிப்போச்செண்டு அர்த்தம். ஆள் மாறியிருக்கும்.”

ஒன்றரை வருடம் அது கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, டயகமைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்த ராக்கம்மா, தன் மகனை யார், எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்பதைக் கண்ணால் கண்டவளாகச் சொன்னாள். திங்கட்கிழமை வழக்கு. கொழும்பில் இருந்த வக்கீல் அதற்குள் அதைக் கடல் தாண்டிய அந்தக் கொம்பியூட்டரிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம் பேரு வெளிய தெரிஞ்சா லயத்துல இருக்கிற மத்த ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கிருவாங்கம்மா.”

அதைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு நான் கோயிலுக்குப் போய், மத்தியானம் திரும்பி வந்தேன். நான் இல்லாதபோது இரண்டு பேர் வந்து, லைன் பழுது என்று தொலைபேசிப் பெட்டியைக் கழற்றித் திரும்பப் பொருத்திவிட்டுப் போனார்களாம். என்னோடு வேலை செய்த செல்லம் சொன்னாள். நாங்கள் யாரும் பழுது என்று அறிவித்திருக்கவில்லை.

“எல்லாம் தொறந்து வச்சிருக்கேங்க அக்கா. நீங்க அந்தக் கடவுச்சொல்ல அடிச்சாப் போதும்” என்றாள். நான் திருநீற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் படியேறி வருகிற சத்தம் கேட்டது. செல்லம் பேசிக்கொண்டே இருந்தாள். “இன்னிக்கு என்னமோ கைநாட்டு மாறிருச்சு, நம்பலாமான்னு கேட்டுச்சு. வேணாம்னேன். மறுபடி போட்டேன், மறுபடியும் கேட்டுச்சு, வேணாம்னேன். மூணாவது தரமும் கேட்டுச்சு. சரின்னுட்டேன்.”

“ஏன்?” என்றார் டீச்சர் வாசலில் நின்று.

“பேயா இருந்தா மூணு தரம் கூப்பிடாதுங்களே டீச்சர்!”

எங்கள் லயங்களில் பிறந்த எவரும் அதையே செய்திருப்பார்கள். இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் ஏன் என்று கேட்போம். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே முகம் வெளுத்து, ஓடி வந்து சுவரிலிருந்த தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார். என் விரல்கள் அப்போது எழுத்துகளின் மேல்தான் இருந்தன.

“பேய்க்குக் களைக்கும் செல்லம். இதுக்குக் களைக்காது. நூறு தரமும் கேக்கும்.”

டீச்சர் கீழே கடைத்தெருவில் இருந்து வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். அங்கே அவர்கள் எதையும் மாற்றவில்லை. அப்படியானால் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து, நான்தான் அந்தக் கொம்பியூட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பனி இறங்கிச் சன்னல் வெள்ளையாய்ப் போயிருந்தது. நாங்கள் மூவரும் மெதுவாகப் பேசினோம், அந்தக் கொம்பியூட்டருக்குக் காது இருப்பதுபோல.

“நானே கொழும்புக்குப் போறன்” என்றார்.

“உங்க அடையாள அட்டையில யாழ்ப்பாணம்னு இருக்கே டீச்சர், பாத்தாப் புடிச்சிருவாங்களே. நான் போறேங்க” என்றேன்.

“உங்களை அவைக்குத் தெரியாது. அப்பிடியே இருக்கட்டும்.”

ராக்கம்மா சொன்னதை இரண்டு தரம் படித்து மனதில் ஏற்றிக்கொண்டு, கைப்பையில் ஒரு சேலையை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். திங்கட்கிழமை வழக்கில் வக்கீல் பேசினார். ராக்கம்மாவின் பெயர் வரவில்லை. மகனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். பிறகு அவன் வீடும் வந்தான்.

டீச்சர் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து ஒரு சோதனைச் சாவடியில் அவரை இறக்கியிருந்தார்கள். மூன்று கிழமை கழித்து, கன்ன எலும்பு தெரிய, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். செல்லம் தேத்தண்ணி கொடுத்தாள். நான் கேட்டேன்:

“என்ன கேட்டாங்க டீச்சர்?”

“கடவுச்சொல் என்னெண்டு.”

“நீங்க?”

“தெரியாதெண்டன். எனக்குப் பொய் சொல்ல வராது, கணக்கக்கா. அதாலதான் தெரியாமல் வச்சிருந்தனான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடவுச்சொல்லை முதல் நாளே என்னைக் கொண்டு மாற்றவைத்தவர் அவர். நான் அதை அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய்ச் சன்னலருகே நின்று தெருவைப் பார்ப்பார். தெருவில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் நினைத்ததுண்டு.

“யாருக்குத் தெரியும்னு கேக்கலைங்களா?” என்றாள் செல்லம்.

டீச்சர் ஒரு வாய் குடித்தார். “சீனி காணாது செல்லம், இன்னும் கொஞ்சம் போடுங்கோ” என்றார்.

அதற்குமேல் அவர் எங்களிடம் ஒருநாளும் அதைப் பேசவில்லை. சில மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் எத்தனை தரம், எப்படிக் கேட்டார்கள் என்பது அவரோடு போய்விட்டது.

கடவுச்சொல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் உள்ளே இருந்த அந்த மூன்று கிழமையும், ரோட்டில் வாகனம் நின்றால் நான் அடுப்பை விட்டு எழுந்து நின்றேன். பிள்ளைகளைப் பின்கட்டில் படுக்கவைத்தேன். முருகனைக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது, யாரும் வந்து தட்டாத என் வீட்டுக் கதவு.