பலகையில் தொங்கிய அண்ணனின் டோக்கன்

அது ஞாயிற்றுக்கிழமை நடந்ததாக மாரிகுப்பத்தில் இன்றும் சொல்கிறார்கள். இல்லை, சனிக்கிழமை. தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த மறுவருஷம், மாசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஞாயிறாக இருந்திருந்தால் கீழே ஆளே இருந்திருக்காது.

வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வந்த இரண்டாம் வருஷம் பாறை சரிந்து அப்பா செத்தார். அண்ணனும் அதே சுரங்கத்தில்தான் சேர்ந்தான். ஆனால் கால்பந்து அவனைக் காப்பாற்றியது. வெறுங்காலோடு அவன் ஓடுவதைப் பார்த்த துரை ஒருவர் கம்பெனி அணியில் சேர்த்துக்கொண்டார். ஆட்ட நாட்களில் அவன் இறங்க வேண்டாம். கூலி மட்டும் வந்துவிடும். அந்தச் சனிக்கிழமை ஜெயித்துக் கொடுத்தால் மேலே பட்டறையில் நிரந்தர வேலை என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காலையிலிருந்து பட்டினி கிடந்தாள்.

நான் டைம் ஆபீசில் குமாஸ்தா. இறங்குகிறவர்களின் பித்தளை டோக்கன்களைப் பலகையில் மாட்டுவேன். ஏறி வந்ததும் எடுத்துக் கொடுப்பேன். ஆட்டத்துக்குக் கூலி எழுத எங்கள் புத்தகத்தில் இடம் கிடையாது. அதனால் அண்ணன் டோக்கனையும் இறங்கியவர்களோடு மாட்டிவிட்டு, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ்காரரிடம், அவன் இறங்கவில்லை என்று காதோடு சொல்லிவிடுவது வழக்கம். அன்று கேஜில் புது ஆள். மைதானத்தில் விசில் ஊதிவிட்டது. சொல்ல மறந்து ஓடினேன்.

"இன்னாடா, ஆபீஸை யாருக்கு எழுதி வெச்சிட்டு வந்தே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், சிரித்தார்கள். அண்ணன் பூட்ஸ் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரு கோல் போட்டான். "மிதிச்சிடப் போறானுங்க, பாத்துடா!" என்று கத்தினேன். அடுத்த கோலும் அவனுடையதே.

அப்போது சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது. கீழே பாறை சரிந்திருந்தது.

ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு நானும் அண்ணனும் ஓடிப்போனபோது எல்லோரும் மேலே வந்து அவரவர் டோக்கனை எடுத்திருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கியது.

"ஒருத்தன் கீயே மாட்டிக்கினான்," என்றார் புது கேஜ்காரர். "தேடறதுக்கு, மேல வந்த ஒருத்தரு திரும்ப எறங்கியிருக்காரு."

"எறங்கினது யாரு?" என்றேன்.

"பாலகாட் சொரங்கத்துப் பக்கம் இருக்கற தெலுங்கு ஆளு. பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கறவரு."

அண்ணன் வியர்வையோடு முன்னால் வந்து நின்றான். "அது என் டோக்கன்பா. நான் இங்கதான் இருக்கேன்."

கேஜ்காரர் அவன் காலில் ஒட்டியிருந்த மைதானத்துப் புல்லைப் பார்த்தார். மணியடித்துத் திரும்பி வரச்சொல்வதற்குள் இரண்டாவது முறை பாறை சரிந்தது. அந்த மனிதரை மறுநாள் காலையில் பிணமாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் இருவருக்கும் அவர் முகம் தெரியாது.

அம்மா அண்ணனை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்: "ஒரு வார்த்தை சொல்ல உன் வாய்க்கு இன்னாடா ஆச்சி?"

ஆட்டம் பாதியில் நின்றும் துரை வாக்குத் தவறவில்லை. பட்டறை வேலையைக் கொடுக்கத்தான் அழைத்தார். அதைச் செத்தவரின் தம்பிக்குக் கொடுக்கும்படி அண்ணன் கேட்டான். "இனிமே ஆட மாட்டேன் தொரை," என்றும் சொல்லிவிட்டான். தம்பிக்கு வேலை கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் அண்ணன் வரிசையில் நின்றான். முறை வந்ததும் டோக்கனை என் மேஜைமேல் வைத்தான்.

"மாட்டுடா. இன்னிக்கு நெஜமாவே எறங்கறேன்."

மாட்டினேன்.