படத்துக்கு நிற்கும் வேலை

என் அக்கா சுபாஜினிக்குப் பொறாமை வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். பிறகு ரொட்டி கருகும். அந்த மார்கழியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் தின்றதெல்லாம் கருகிய ரொட்டிதான்.

கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸில் காற்சட்டைக்குப் பை தைத்துக்கொண்டிருந்தவள் அக்கா. நாட்டின் பொருளாதாரம் விழுந்த பிறகு வெளிநாட்டு ஓடர் குறைந்தது. ஒரு நாள் தொழிற்சாலைக் கேட்டையே பூட்டிவிட்டார்கள். ஒரு பயணப்பையோடு தெமோதரையில் ரயிலை விட்டு இறங்கினாள். பண்டாரவளையில் கடை கடையாக ஏறினாள். பதுளையில் துணிக்கடை, பேக்கரி ஒன்றும் விடவில்லை. இருக்கிற ஆளையே அனுப்பப் பார்க்கிறோம் தங்கச்சி என்றார்கள். அதற்குள் அம்மா குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் பேசிவிட்டாள். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் அக்கா அங்கே வீட்டுவேலைக்குப் போக வேண்டும். அவளுக்கு விருப்பமில்லை. எனக்கும் விருப்பமில்லை என்று எழுதினால் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிடும். அதனால் எழுதவில்லை.

ரொட்டி கருகியதற்குக் காரணம் நிலக்ஷனா. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராக்காரி, அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவள். எல்ல என்ற ஊருக்குப் போகும் வழியில் அலவி முதலாளியின் விடுதியில் அவளுக்கு வேலை. சேலை கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, விடுதிக்கு முன்னால் இருக்கும் துண்டுத் தேயிலை நிலத்துக்குள் நிற்க வேண்டும். வேனில் வரும் வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்கள். கொழுந்து பறிக்கக் கூடாது. பறிப்பதுபோல் விரலை வைத்துக்கொண்டு சிரித்தால் போதும்.

"அட்டைக்கடி இல்ல, கங்காணி ஏச்சு இல்ல. பவுடர் போட்டுக்கிட்டுக் கொழுந்தெடுக்கிறாளாம்," என்றாள் அக்கா, ரொட்டியைப் புரட்டாமல். "அதுக்கு ஒரு சம்பளமாம்."

"நீயும் கேட்டுப் பாரேன்."

"அவகிட்டயா? அதுக்கு நான் குவைத்துக்குப் போயி ஒட்டகத்துக்குப் புல்லுப் போடுவேன்."

விடுதி வேன் ஓட்டுகிற ஸரூக் நானாவிடம் வாயைக் கிண்டியதில் எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. இப்போது இரண்டு வேன் ஆட்கள் வருகிறார்களாம். முதலாளி இன்னொரு பெண்ணைத் தேடுகிறாராம். லயத்தில் யாராவது இருந்தால் கூட்டி வா என்று நிலக்ஷனாவிடம் சொல்லியும் வைத்திருக்கிறாராம். அவள் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

இதைச் சொன்னதும் அக்காவின் மூக்கு சிவந்தது. ஆனால் ஆள் எழும்பவில்லை. எனவே கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்தேன்.

"மிஷின் புடிச்ச கைக்குக் கொழுந்து எங்க வரப்போகுதுன்னு நிலக்ஷனா சிரிச்சா, அக்கா."

நிலக்ஷனா அப்படிச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள்தான்.

மறுநாள் அம்மாவின் சேலையும் அம்மாவின் கூடையுமாக அக்கா விடுதி வாசலில் நின்றாள். தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லாததால் தங்கச்சி நானும் போயிருந்தேன். அலவி முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இண்டைக்கு நிலக்ஷனா பக்கத்துல நில்லுங்க புள்ள. வேன் வரட்டும், பாப்பம். ஒரு கொழுந்தும் கிள்ளப்படாது, செல்லிட்டன். ஈக்கிறதே இந்த நாலு செடிதான்."

அவர் உள்ளே போனார். நிலக்ஷனா அக்காவைப் பார்க்காமலே பேசினாள்.

"கார்மென்ட்ஸ் அம்மணிக்குக் கூடை மாட்டக்கூடத் தெரியுதே."

"பவுடர் பூசினவங்களுக்கே தெரியுறப்ப எனக்குத் தெரியாதா?"

"விரல இப்பிடி வைக்கணும். பாத்துக்க." நிலக்ஷனா ஒரு கொழுந்தை உண்மையாகவே கிள்ளி, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகக் கூடையில் போட்டாள்.

அக்கா இரண்டு கிள்ளினாள்.

தோட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, பிரித்து விடுவார்கள். பக்கத்து நிரைக்காரியின் கூடை கனப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற பெண் எங்கள் டிவிஷனில் இன்னும் பிறக்கவில்லை. நாலு கையும் பறந்தன. சேலை முந்தானை இடுப்புக்குப் போயிற்று. நிலக்ஷனாவின் பவுடர் வேர்வையில் கரைந்து கோடு கோடாக இறங்கியது. நான் சீட்டியடித்து இரண்டு பேரையும் உசுப்பிவிட்டேன்.

வேன்கள் வந்து நின்றபோது செடியில் காம்புதான் மிச்சம்.

தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்த அலவி முதலாளி தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டார்.

"இதென்ன, ஆடு பூந்த மாதிரி? ஆர் செஞ்ச வேல இது?"

நிலக்ஷனா விரலை நீட்டினால் போதும், அக்கா குவைத்தில். நானும் சீட்டியை நிறுத்திவிட்டேன். நிலக்ஷனா வாயைத் திறந்தாள். அக்காவின் கூடையைப் பார்த்தாள். தன் கூடையைப் பார்த்தாள். எல்லாம் இவள் பறித்தது என்று சொன்னால், இவள்தான் அதிகம் பறித்தாள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"பாதிக்கு மேல நான்தான் முதலாளி," என்றாள்.

அக்காவாலும் சும்மா இருக்க முடியவில்லை. "பொய். கூடப் பறிச்சது நானு."

"இவ போட்டதெல்லாம் முத்தல்."

"அப்ப நிறுத்துப் பாக்கச் சொல்லு."

காய்கறித் தராசு வந்தது. வெள்ளைக்காரர்கள் தொலைபேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒரு பிடி வித்தியாசத்தில் நிலக்ஷனாவின் கூடை இறங்கியது.

"அவ நின்ன பக்கம் பனி காயல," என்றாள் அக்கா. "தண்ணிக்குக் கழிங்க."

ஈரக் கொழுந்துக்குத் தோட்டத்தில் எடை கழிப்பார்கள். அதற்காக அம்மா கங்காணியை ஏசாத நாளில்லை. அதே கழிவைத்தான் அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அலவி முதலாளிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வேனில் ஏறாமல் இன்னொரு தேத்தண்ணி கேட்டார்கள். அது மட்டும் உடனே விளங்கிற்று.

"ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க," என்றார். "கைய மட்டும் லயத்துல வச்சிட்டு வாங்க."

ஏஜென்சிக்காரன் போனில் கோல் எடுத்தபோது, மகளுக்கு வேலை இருக்கு என்று அம்மா வைத்துவிட்டாள்.

பொங்கல் முடிந்துவிட்டது. இப்போது அவர்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். பவுடர் டப்பாவும் ஒன்றுதான். 'நிலக்ஷனா சொன்னா' என்று தொடங்காத பேச்சு அக்காவிடம் இல்லை. ரொட்டி கருகுவதில்லை. ஆனால் வட்டமான ரொட்டி எனக்கு வருவதில்லை, அது நிலக்ஷனாவுக்குப் பொட்டலமாகிறது. கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்தேன். எங்கள் குடும்ப மூக்குத்தான்.

நேற்றுப் பின்னேரம் தண்ணிப் பைப்படியில் நிலக்ஷனாவைப் பிடித்தேன்.

"உங்க கொழுந்து ஈரந்தானாம். அக்கா லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுது."

அவள் வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அத அவ தெனமும் பஸ்ஸுல என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாடி. வேற எதாவது புதுசா கொண்டா."