மாமாவின் மான் வேட்டை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் மாமா மான் வேட்டைக்குப் போக முடிவெடுத்தார். பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுசில் அவரோடு வேலைசெய்த வெள்ளைக்காரர்கள் ஆண்டுதோறும் வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, இந்த முறை தானும் ஒரு மானோடு வருவேன் என்று மாமா வாயை விட்டுவிட்டார். அவர்களில் ஒருவர் வில்லும் தந்து பழக்கியும் விட்டார். லைசென்சும் எடுத்தாயிற்று. இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும்.

மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிது என்று மல்வேர்னில் எங்கள் வீட்டில் எங்களுக்கெல்லாம் விளங்கப்படுத்தினார். வாசமில்லாத சோப்பில் குளித்தார். அம்மாவின் மிளகாய்த்தூள் மணம் எட்டாமல் வேட்டை உடுப்பைப் பையில் கட்டிப் பல்கனியில் தொங்கவிட்டார்.

"உவளையும் கூட்டிக்கொண்டு போ," என்று அம்மா என்னைக் காட்டினார். எனக்கு மானைப் பார்க்க ஆசை. அது சாவதைப் பார்க்க அல்ல. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

விடிந்ததும் காட்டில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பின்னால் பதுங்கினோம். முன்னால் மான்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. மாமா சட்டைப்பையிலிருந்து கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

"இதைத் தூவினா காத்துப் போற பக்கம் தெரியும். எங்கட முகத்துக்கு வந்தா மானுக்கு எங்கட மணம் போகாது. விளங்குதோ?"

"ஓம் மாமா."

ஒரு சிட்டிகை தூவினார். அது அவருடைய முழங்காலைத் தாண்டி மிதந்து போனது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு அதே இடத்திலேயே இருந்தார்.

ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு பெண்மான் வந்தது. நின்றது. காதுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பின. புல் கடிப்பதுபோல் தலையைக் குனிந்து, எங்களைப் பிடித்துவிட நினைத்ததுபோல் சட்டென்று நிமிர்ந்தது. முன்னங்காலால் நிலத்தைத் தட்டியது. மாமா வில்லை இழுத்தார்.

என் ஜக்கெற் பைக்குள் அம்மா களவாக வைத்துவிட்ட இரண்டு மீன் ரோல்ஸ் இருந்தன. கையை விட்டுத் தாளைப் பிரித்தேன். மான் மூக்கைத் தூக்கியது. புஸ்ஸென்று ஒரு சீறல், நிமிர்ந்த வெள்ளை வால், அவ்வளவுதான். பாதை வெறுமையாகக் கிடந்தது. ஆறுதலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காத்து மாறிப்போச்சு," என்று மாமா வில்லை இறக்கினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடி பிள்ளை, ரோல்ஸ் மணக்குது?"

ஆளுக்கொன்றாகத் தின்றோம். திரும்பி வரும்போது மாமா வழிநெடுகப் பாடினார். எனக்காகத் தன் கவலையை மறைக்கிறார் என்று நினைத்து மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வேலையிடத்திலும் காற்றின்மேல்தான் பழியைப் போட்டார். அவர்களும் தலையாட்டினார்களாம்.

அந்த மானைக் காப்பாற்றியது என் மீன் ரோல்ஸ்தான் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். ஆனால் அன்று காற்று மாறவேயில்லை. திருநீறு முதலிலிருந்தே எங்கள் முகத்துக்கு வரவில்லை, மான் வரும் பாதைக்குத்தான் போனது. எழும்பி மற்றப் பக்கம் போய் இருக்க மாமாவுக்கு ஒரு முழு மணித்தியாலம் இருந்தது. நானும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.