கன்று விற்கப் போட்ட விளம்பரம்

காலை ஆறு மணிக்கு விளம்பரம் ஓடத் தொடங்கியது. அடுப்பில் புட்டு அவிந்து இறங்குவதற்குள் காசு முடிந்துவிட்டது. ஒரு நாளுக்கென்று நான் வைத்திருந்த ஐந்நூறு ரூபாவும் போய், 'இன்றைய தொகை தீர்ந்தது' என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. ஒருவரிடமிருந்துகூடப் போன் வரவில்லை. நான் அகப்பையும் கையுமாகக் குசினிக்குள் அப்படியே நின்றேன்.

நெடுங்கேணிக்கு உள்ளே போகும் ஒரு வீதியில், வீட்டுக்குப் பின்னால் பழமரக் கன்று வளர்த்து விற்கிறவள் நான். ஒட்டு மா, தேசி, மாதுளை, கொய்யா. கணவர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். அதன் இழுவைப் பெட்டியில் கன்றுகளை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவோம். விற்றது போக மிச்சம் வாடித் திரும்பி வரும். வவுனியாவில் பெண்களுக்கு இலவசமாக மூன்று நாள் வகுப்பு என்று கேள்விப்பட்டுப் போனேன். இணையத்தில் யாராவது மாங்கன்று என்று தேடினால் எங்கள் விளம்பரம் முதலில் வருமாம். தேடியவர் அதைத் தொட்டால்தான் எங்களுக்குச் செலவாம். தொடாதவருக்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லையாம். உலகத்தில் இவ்வளவு நியாயமான வியாபாரம் இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"ஐந்நூறு ரூபா எங்க போச்சுது?" என்று கணவரிடம் கத்தினேன்.

"விளம்பரம் வருகுதோ எண்டு நானும் பாத்தனான்," என்றார். "நாலஞ்சு தரம் அமத்தினனான். நல்லா வருது. சந்தைப் பெடியளுக்கும் போனில சொன்னனான், அவங்களும் தேடி அமத்தினவங்கள்."

ஒவ்வொரு தொடலுக்கும் பதினாறு ரூபா. மனிசன் பெருமைப்பட்டே என்னை மொட்டை அடித்துவிட்டார். அவரை ஏசுவதற்கு எனக்கு வாய் இருந்ததே தவிர முகம் இருக்கவில்லை. விடிந்ததிலிருந்து நானே மூன்று தரம் தொட்டிருந்தேன்.

அது பழகுகிற பிழை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அடுத்த நாட்களிலும் காசு மத்தியானத்துக்கு முன்னமே தீர்ந்தது. ஒரு கிழமை முடிந்ததும், வகுப்பில் காட்டித் தந்தபடி, தொட்டவர்கள் எங்கே இருந்து தொட்டார்கள் என்ற பக்கத்தைத் திறந்தேன். ரொறன்ரோ. பாரிஸ். லண்டன். ஒஸ்லோ. ஒஸ்லோவில் பனி கொட்டுகிற இடத்தில் யாருக்கு ஒட்டு மாங்கன்று வேண்டும்? கீழே அவர்கள் என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்றும் இருந்தது. மாங்கன்று என்று தேடியவர்கள் நாலைந்து பேர்தான். மற்ற எல்லாருமே தேடியது எங்கள் ஊரின் பெயரை.

பிழை என்னுடையதுதான். தேடல் சொற்களில் ஊரின் பெயரையும் சேர்த்திருந்தேன். எந்த இடத்தில் உள்ளவர்களுக்குக் காட்டுவது என்று கேட்ட கேள்வியை வாசிக்காமலே 'சரி' என்று அமத்தியிருந்தேன். இந்த இடத்தில் இருப்பவர்களுக்கும், இந்த இடத்தில் அக்கறை உள்ளவர்களுக்கும் என்று அது சொல்லியிருந்தது. எங்கள் ஊரில் அக்கறை உள்ளவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது? என்னுடைய காசில் ஊர் பார்க்கிறார்கள் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து திருத்துவோம் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. கனடாவில் இருந்து ஓர் ஆண் குரல். மிகவும் மரியாதையான குரல்.

"அக்கா, உங்கட விளம்பரம் பாத்தனான். மாங்கண்டு எல்லாம் நல்லா இருக்கு. அதில இருக்கிற படத்தில ஒரு கிணறு நிக்குது, அது எங்க இருக்கு?"

"எங்கட வளவுக்குள்ள தான் தம்பி."

"கிணத்துக் கட்டில ஒரு சின்னக் கை பதிஞ்சிருக்கே, சீமெந்துக்குள்ள?"

இருந்தது. நான் வாளி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஐந்து விரலோடு ஒரு குழந்தைக் கை. அதைப் பார்த்துக்கொண்டே "ஓம்" என்றேன்.

"அது என்ர கை," என்றார்.

குழாயை நிலத்தில் போட்டதுகூடத் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஓடி, கன்றுப் பைகளில் இருந்த மண்ணை எல்லாம் கரைத்துக்கொண்டு போனது.

அந்தக் காணி எங்களுடையது இல்லை. என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கலவரத்தில் அடிவாங்கி வன்னிக்கு வந்தவர். இந்தக் காணியில் கூலிக்கு நின்றார். சண்டை முற்றியபோது காணிக்காரக் குடும்பம் வெளிநாடு போனது. போகும்போது "பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஒரு சொல் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு நாங்களும் ஓடினோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்தோம். வந்தபோது வளவு பற்றையாகக் கிடந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. வெட்டினோம், வேலி அடைத்தோம், கூரை போட்டோம். அப்பாவும் இங்கேதான் கண்ணை மூடினார். எங்கட வளவு, எங்கட கிணறு என்று சொல்லிச் சொல்லி அது வாயில் ஊறிவிட்டது. விளம்பரத்திலும் 'எங்கள் சொந்தத் தோட்டத்தில் வளர்ந்த கன்றுகள்' என்றுதான் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் ஆட்கள் நம்புவார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள்.

"அப்பா மூண்டு வருசத்துக்கு முன்னம் செத்துப் போயிட்டார்," என்றார் அவர். "காணி காடாப் போயிட்டுது எண்டு தான் நாங்கள் நினைச்சிருந்தனாங்கள். வீடு இருக்கு, ரோட்டு இருக்கு எண்டு உங்கட விளம்பரத்தைப் பாத்துத்தான் தெரியும். சகோதரங்கள் எல்லாருக்கும் அனுப்பினனான் அக்கா. எல்லாரும் திருப்பித் திருப்பிப் பாத்தவை."

ஒவ்வொரு பார்வைக்கும் பதினாறு ரூபா நான் கொடுத்திருக்கிறேன்.

தன் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு அவர் வந்தார். காணி உறுதிப் பத்திரம் கொண்டுவந்தார், நில அளவையாளரையும் கூட்டிவந்தார். என்னைவிட இளையவர், தலை நரைத்திருந்தது. கிணற்றடிக்குப் போய்க் கையை அந்தக் கை மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அவர்மேல் கோபப்படலாம் என்று நான் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் குழம்பிப் போயிற்று. அளந்து முடித்து எல்லைக்கு முளை அடித்தார்கள். ஒரு முளை என் மாதுளைக் கன்றுகளுக்கு நடுவில் இறங்கியது. "கண்டுகளை உடன எடுக்க வேண்டாம் அக்கா, ஆறுதலா எடுங்கோ," என்றார்.

"பத்து வருசத்துக்கு மேல இருந்தா கேஸ் போடலாமாம்," என்று கணவர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். போடலாம்தான். பாத்துக்கொள்கிறேன் என்று சொன்ன அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டேன்.

மத்தியானம் கதிரை போட்டு அவருக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தவர், சகோதரங்கள் எல்லாரும் விற்கவே சொல்கிறார்கள் என்றார். விற்கிற காசில் எங்களுக்கும் ஏதோ தருவதாகச் சொன்னார்.

"உங்களுக்குத் தான் அக்கா இந்த விளம்பர வேலை தெரியும். காணி விக்கிறதுக்கும் ஒண்டு போட்டுத் தருவீங்களோ? உங்கட நம்பரையே குடுங்கோ, நான் அங்க நிண்டு ஆக்களோட கதைக்கேலாது. செலவு என்ர."

நான் இருக்கிற வீட்டை நானே விற்கவேண்டும். என் காதை நம்ப முடியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் துளிக் கள்ளமும் இல்லை. ஓம் என்று சொன்னது என் வாய்தான். அதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

"பிழையாப் போடு," என்றார் கணவர். நானும் அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன். 'காணி விற்பனைக்கு, ஐந்து ஏக்கர்' என்று வெறும் சப்பென்று எழுதி அனுப்பினேன். கனடாவில் இருந்து உடனே பதில் வந்தது: "அக்கா, உங்கட கண்டுக்கு எழுதின மாதிரி எழுதுங்கோ."

எழுதினேன். தார் வீதி, மின்சாரம், நாலு விதமான பழமரம், கோடையிலும் வற்றாத நல்ல தண்ணீர். எழுத எழுத, இவ்வளவு நல்ல காணியிலா இருந்திருக்கிறோம் என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. எந்த இடத்தில் உள்ளவர்களுக்குக் காட்டுவது என்று திரை கேட்டது. இந்த முறை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், ஒஸ்லோ என்று நானே ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து கொடுத்தேன்.

ஒரு கிழமைகூட ஆகவில்லை. லண்டனில் இருந்து ஓர் அம்மா போன் எடுத்துக் கதைத்தார். தண்ணீர் எப்படி, பஸ் எவ்வளவு தூரம், பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று எல்லாம் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் வடிவாகச் சொன்னேன்.

"இப்ப காணிக்குள்ள ஆராவது இருக்கினமோ பிள்ளை?"

"ஒரு குடும்பம் இருக்குது அம்மா."

"கேட்டா எழும்பிப் போவினமோ? கரைச்சல் குடுக்கிற ஆக்களோ?"

முற்றத்தில் கணவர் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"கரைச்சல் இல்லாத ஆக்கள் அம்மா," என்றேன். "நான் கேட்டுச் சொல்லுறன்."

அந்த அம்மா தன் போன் இலக்கத்தைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.